எஸ்எஸ்டி திடீர் திடீரென்று காணாமல் போகிறதா? எப்போது போகிறது என்று முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். கம்ப்யூட்டரில் இரண்டாவது டிரைவாகப் போட்டிருக்கும் 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான வகை), வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் வருவதில்லை, முழுதாக அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது. அப்புறம் சில நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது, மறுபடி அதே கதை. டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கை, ஆரோக்கியம் 97 சதவீதம் என்கிறது. டிரைவ் போய்விட்டதா, இல்லை வேறு எங்காவது கோளாறா?

இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வேண்டிய தகவலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரீஸ்டார்ட்டுக்கு வராமல் அணைத்துப் போட்டால் வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை, அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

டிரைவ் இப்போது தெரிகிறதா? தெரிந்தால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். வந்து வந்து போகும் எஸ்எஸ்டி ஒரு நாள் வராமலே போகலாம். பழைய ஹார்டு டிஸ்க் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு முன்னறிவிப்பெல்லாம் தராது. திரும்பக் கிடைக்காத படங்கள், ஆவணங்கள் முதலில். மறுபடி டவுன்லோடு செய்யக்கூடியவை கடைசியில். நகல் எடுக்கும்போதே நடுவில் போய்விடுகிறது என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. எதுவரை படித்தது, எங்கே விட்டது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும், டிரைவ் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த மேப் கோப்பை வேறு டிரைவில் வையுங்கள், நோயாளி டிரைவிலேயே வைத்துவிடாதீர்கள். நகல் எடுத்து முடியும்வரை விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். செக்டிஸ்க் பார்ப்பதோடு நிற்காது, ரிப்பேர் செய்யச் சொன்னால் எழுதவும் செய்யும். பாதி எழுதும்போது டிரைவ் மறைந்தால் நன்றாக இருந்த கோப்பு அமைப்பும் குழம்பிவிடும்.

இன்னொன்று, பலரும் மறப்பது: பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயைத் தாளிலோ போனிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சில மாற்றங்கள் சொல்லப்போகிறேன், அதை மாற்றிவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும்.

சரி, இப்போது கோளாறுக்கு வருவோம். முதல் கேள்வி, மறைவது டிரைவா, டிரைவின் எழுத்தா? திஸ் பிசியில் (பழைய பெயர் மை கம்ப்யூட்டர்) காணோம் என்றதும் டிரைவ் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே டிரைவ் இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், அல்லது ஆஃப்லைன் என்று போட்டிருந்தால், பிரச்சினை விண்டோஸ் பக்கம். ஒரு டிரைவை அப்படியே குளோன் செய்துவிட்டு இரண்டையும் ஒன்றாக மாட்டினால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் இல்லை, டிவைஸ் மேனேஜரிலும் இல்லை என்றால்தான் நாம் பேசும் விஷயம்.

அடுத்தது ரீஸ்டார்ட். டிரைவ் மறைந்த உடனே ரீஸ்டார்ட் கொடுத்து நேராக பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சாதாரண ரீஸ்டார்ட்டில் பெரும்பாலான மதர்போர்டுகள் எஸ்எஸ்டி செருகியிருக்கும் எம்.2 ஸ்லாட்டுக்கான 3.3 வோல்ட்டைத் துண்டிப்பதில்லை, ரீசெட் சைகை மட்டும்தான் போகும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதற்கென்று ஃபர்ம்வேர் என்ற புரோகிராம் ஓடுகிறது, அது தொங்கிப்போனால் வெளியே இருந்து வரும் ரீசெட்டைக்கூடக் கவனிக்காமல் கிடக்கலாம். கரண்ட் போய் வந்தால்தான் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆக, ரீஸ்டார்ட்டில் பயாஸிலேயே தெரியாமல், அணைத்துப் போட்டால் தெரிகிறது என்றால் கன்ட்ரோலர் உள்ளுக்குள் உறைந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டது ஃபர்ம்வேர் பிழையா, சூடா, மின்சாரம் ஒரு கணம் இறங்கியதா, தூக்க நிலையிலிருந்து எழ முடியாமல் போனதா என்பதுதான் இனித் தேட வேண்டியது. மாறாக, ரீஸ்டார்ட் கொடுத்தாலே வந்துவிடும் டிரைவ் என்றால் டிரைவர், பவர் சேமிப்பு அமைப்பு, கேபிளில் இணையும் சாட்டா வகை டிரைவாக இருந்தால் அந்தக் கேபிள், இந்தப் பக்கம் சந்தேகம் சாயும். நூற்றுக்கு நூறு விதி இல்லை, ஆனால் எங்கே தோண்ட ஆரம்பிப்பது என்று இது காட்டிவிடும்.

இப்போது முக்கியமானது. நான் யாரைக் கேட்டாலும் முதலில் கேட்பது, "என்ன செய்துகொண்டிருந்தபோது போனது?" என்பதைத்தான். இதற்கு "சும்மாதான் இருந்தது, திடீரென்று போய்விட்டது" என்று பதில் வந்தால் அதுவே ஒரு துப்பு. சும்மா இருக்கும்போது போகிறது என்றால் பவர் சேமிப்பில் கைவையுங்கள். என்விஎம்இ டிரைவுகள் வேலை இல்லாதபோது தாமாகவே படிப்படியாக ஆழ்ந்த தூக்க நிலைகளுக்கு இறங்கும், கூடவே டிரைவையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் தன் பங்குக்குத் தூங்கும். எழுப்பும்போது இரண்டில் ஒன்று நேரத்துக்கு எழவில்லை என்றால் இயங்குதளம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு டிரைவே இல்லை என்று முடிவு செய்துவிடும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் அட்வான்ஸ்டு அமைப்புகள், அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ், அதன் கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட். அதை ஆஃப் செய்யுங்கள். பயாஸில் ஏஎஸ்பிஎம் (அதே இணைப்புத் தூக்கம்தான்) என்று இருந்தால் அங்கேயும் ஆஃப். லினக்ஸ்காரர்களுக்கு இது பழகிய தலைவலி: இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் என்விஎம்இ கன்ட்ரோலர் டவுன், ரீசெட் செய்யப்போகிறேன் என்று ஒரு வரி வரும், பக்கத்தில் டிரைவின் நிலையைச் சொல்லும் சிஎஸ்டிஎஸ் என்ற மதிப்பு முழுக்க எஃப் எழுத்தாகவே இருக்கும். அது டிரைவ் தந்த பதில் இல்லை. பதில் சொல்ல எதிரே ஆளே இல்லாதபோது எல்லா பிட்டும் 1 ஆகப் படிக்கப்படும், அதுதான் அந்த எஃப் வரிசை. புதிய கெர்னல்களில் அந்தச் செய்தியே பவர் சேமிப்பை நிறுத்த என்ன அளவுரு போட்டுப் பார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இதை மாற்றினால் லேப்டாப்பில் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

பெரிய கோப்பு நகல் எடுக்கும்போது, கேம் இன்ஸ்டால் ஆகும்போது, வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது போகிறது என்றால் சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள். என்விஎம்இ ஸ்மார்ட் அறிக்கையில் எச்சரிக்கை வெப்பநிலையைத் தாண்டி எத்தனை நிமிடம் இருந்தது, ஆபத்து வெப்பநிலையைத் தாண்டி எத்தனை நிமிடம் இருந்தது என்று இரண்டு எண்கள் உண்டு. பலரும் மேலே இருக்கும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதால் இவை கண்ணில் படுவதில்லை. ஆபத்து நிமிடங்கள் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் வேறு எதையும் தேடாமல் ஹீட்சிங்க்கைக் (டிரைவின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டும் தெர்மல் பேடின் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே மாட்டியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கும். ஹீட்சிங்க் இருக்கிறது, ஆனால் சூடு அதற்குப் போவதே இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் ஸ்லாட் என்றால் கேம் ஆடும்போது அந்தச் சூடும் சேர்ந்து ஏறும். வேறு ஸ்லாட் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

மேசையைத் தட்டினால், லேப்டாப்பைத் தூக்கினால், கேபினட்டை நகர்த்தினால் போகிறது என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம், தொடர்பு சரியில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் காலி செய்துவிட்டு, டிரைவைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். எம்.2 டிரைவில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி ஸ்க்ரூவும் அதற்கு அடியில் நிற்கும் குட்டித் தாங்கியும். தாங்கி இல்லாமல் ஸ்க்ரூவை முடுக்கியிருந்தால் கார்டு வில் மாதிரி வளைந்து, ஸ்லாட் பக்கம் தங்கப் பட்டைகள் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தாலே தெரியும், கார்டு மதர்போர்டுக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். ஹீட்சிங்க்கின் பேடு தடிமனாக இருந்தாலும் இதே வளைவு வரும்.

காலையில் முதல்முறை ஆன் செய்யும்போது மட்டும் தெரிவதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். உங்கள் கதைக்கு நேர் எதிர். டிரைவ் தயாராக நேரம் எடுக்கிறது, பயாஸ் அதற்குள் ஆளைக் காணோம் என்று கடந்துவிடுகிறது. பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை ஆஃப் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆனால் முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்த டிரைவ் இப்போது தாமதமாகிறது என்றால், நாளுக்கு நாள் தாமதம் கூடுகிறது என்றால், அதை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

சாட்டா எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு பத்தி. அங்கே பெரும்பாலும் குற்றவாளி டேட்டா கேபிள். ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணில் சிஆர்சி பிழை எண்ணிக்கை இருக்கும். கேபிளில் போகும்போது தகவல் சிதைந்தால் ஏறும் எண் இது, உள்ளே இருக்கும் மெமரி சிப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒருமுறை ஏறியது இறங்காது, அதனால் 40 என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள், கேபிளை மாற்றுங்கள், அடுத்த வாரம் பாருங்கள், ஏறாமல் நின்றுவிட்டால் முடிந்தது. பவர் பக்கம், ஒரே இணைப்பிலிருந்து இரண்டு மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) பவர் சப்ளை என்றால் அதோடு வந்த கேபிளைத் தவிர வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், டிரைவ் அங்கேயே எரிந்துவிடும்.

யுஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டி என்றால் டிரைவைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிள், போர்ட், பெட்டிக்குள் இருக்கும் மாற்றி சிப், இந்த வரிசையில் சந்தேகியுங்கள். முன்பக்கப் போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றுவதே பலருக்குப் போதும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைப் படிப்பது அலுப்பான வேலைதான், ஆனாலும் அதில் இருப்பது மாதிரி உண்மை வேறு எதிலும் இல்லை. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். டிரைவ் மறைந்த நேரத்துக்குப் போங்கள். 129 என்ற எண் வந்தால் டிரைவ் பதில் சொல்லாததால் விண்டோஸ் ரீசெட் அனுப்பியிருக்கிறது. 153 வந்தால் படிப்பதோ எழுதுவதோ தோற்று மறுபடி முயன்றிருக்கிறது. 157 என்றால் யாரோ பிடுங்கி எடுத்தது போல டிரைவ் சட்டென்று போய்விட்டது. 129 வரிசையாக வந்து கடைசியில் 157 என்றால் மெல்ல மெல்லத் திணறி விழுந்திருக்கிறது, கன்ட்ரோலரோ தூக்க நிலையோ. முன்னால் எதுவும் இல்லாமல் 157 மட்டும் என்றால் தொடர்போ மின்சாரமோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்களுடையது இரண்டாவது டிரைவ் என்பது இதில் ஒரு நல்வாய்ப்பு, ஏனென்றால் பதிவு முதல் டிரைவில் எழுதப்படுகிறது. விண்டோஸ் இருக்கும் டிரைவே மறைந்தால் பதிவை எழுத இடமே இருக்காது, பிழைத் திரை வந்து நின்றுவிடும், பிறகு தேடினால் அந்த நேரத்தில் ஒரு வெற்றிடம்தான் இருக்கும்.

97 சதவீத ஆரோக்கியம் பற்றி. அந்த எண் தேய்மானக் கணக்கு. மெமரி செல்களை எவ்வளவு எழுதி அழித்திருக்கிறோம், தயாரிப்பாளர் கணக்கிட்ட ஆயுளில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பது மட்டும்தான். கன்ட்ரோலர் உறைவதோ, சாலிடர் விரிசலோ, ஃபர்ம்வேர் பிழையோ அதில் தெரியவே தெரியாது. 97 சதவீதத்தோடு செத்துப்போகும் டிரைவ்கள் ஏராளம். அதற்குப் பதிலாக மீடியா மற்றும் டேட்டா இன்டக்ரிட்டி பிழைகள் என்ற வரி பூஜ்ஜியமா என்று பாருங்கள், கெட்டுப்போகும் செல்களுக்கு மாற்றாக ஒதுக்கியிருக்கும் இடம் (அவைலபிள் ஸ்பேர்) 100 சதவீதமா என்று பாருங்கள். அன்சேஃப் ஷட்டவுன் (முறையாக அணைக்காமல் கரண்ட் போனது) எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். நீங்கள் ஒழுங்காக அணைத்த நாட்களிலும் அது ஏறிக்கொண்டே போகிறது என்றால், டிரைவுக்குக் கரண்ட் நடுவில் அறுபடுகிறது என்று டிரைவே சாட்சி சொல்கிறது.

ஃபர்ம்வேர் அப்டேட் செய்யச் சொன்னால் பலர் சம்பிரதாயத்துக்குச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். எஸ்எஸ்டி விஷயத்தில் அப்படி இல்லை. குருஷியல் எம்4 என்ற டிரைவ், மொத்தம் 5184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் வரும், ஒரு மணி நேரத்தில் மறுபடி போகும். சிப்பில் ஒரு குறையும் இல்லை, ஃபர்ம்வேரில் ஒரு கணக்குப் பிழை. 2012 ஜனவரியில் 0309 என்ற புதிய ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தார்கள். சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது இன்னும் மோசம்: 32,768 மணி நேரத்தில் டிரைவும் போகும், அதில் இருக்கும் தகவலும் போகும், புதிய ஃபர்ம்வேரை அதற்குள் போட்டுவிட வேண்டும். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு, புரோகிராம் எழுதுபவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே, மணி நேரத்தை எண்ணி வைக்கும் இடம் நிரம்பி வழிந்திருக்கும் என்று தோன்றிவிடும். ஆகவே உங்கள் டிரைவின் மாடல், இப்போதைய ஃபர்ம்வேர் எண் இரண்டையும் எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். அப்டேட் செய்யும் முன் நகல் எடுத்திருக்க வேண்டும் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

அதேநேரம் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் அப்டேட்டைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று வந்த பிறகு, நிறைய எழுதும்போது எஸ்எஸ்டி மறைகிறது என்று பெரிய பரபரப்பு எழுந்தது. மைக்ரோசாஃப்டும் கன்ட்ரோலர் தயாரிக்கும் ஃபைசனும் தனித்தனியே சோதித்துவிட்டு, அந்த அப்டேட்டுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொல்லிவிட்டன. அப்டேட்டை நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஹீட்சிங்க் பக்கம் பார்த்திருக்க வேண்டியவர்களோ.

பயாஸில் செய்து பார்க்க இன்னொன்று இருக்கிறது: ஜென் 4 (பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறை) டிரைவ் என்றால் அந்த ஸ்லாட்டை ஜென் 3க்கு இறக்குங்கள். உச்ச வேகம் பாதியாகும், அன்றாட வேலையில் பெரிதாகத் தெரியாது. இறக்கியதும் மறைவது நின்றுவிட்டால் டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் சிக்னல் தரம் போதவில்லை என்று அர்த்தம், ஸ்லாட்டோ நடுவில் இருக்கும் நீட்டிப்பு அட்டையான ரைசரோ காரணம். ஓவர்கிளாக் ஏதாவது செய்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டுப் பிரச்சினை நின்றால் எது சரிசெய்தது என்று தெரியாது, திரும்பி வந்தால் எது சரிசெய்யவில்லை என்றும் தெரியாது. சில நாளைக்கு ஒருமுறை வரும் கோளாறில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது ஒரு வாரமாவது விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு நாள் வரவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்தும் போகிறது என்றால் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கேயும் மறைந்தால் விவாதம் முடிந்தது. அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் ஸ்லாட்டில் வேறு எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் மறைந்தால் மதர்போர்டு அல்லது பவர் சப்ளை.

அணைத்துப் போட்டாலும் வராத கட்டத்துக்குப் போய்விட்டால் கடைசியாக ஒரு முயற்சி உண்டு. திடீர் மின்தடைக்குப் பிறகு சில டிரைவ்களில், எந்தத் தகவல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற உள் அட்டவணை குழம்பிக் கிடக்கும், அதைச் சீர்செய்ய டிரைவுக்கு நேரமும் தொந்தரவில்லாத மின்சாரமும் வேண்டும். சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளை எடுத்துவிட்டு பவர் மட்டும் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள், அரை நிமிடம் துண்டியுங்கள், மறுபடி 20 நிமிடம். என்விஎம்இ என்றால் பயாஸ் திரையிலேயே அவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம். வந்தால் நகல் எடுக்கும் வாய்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிரைவ் தெரிகிறது, ஆனால் பெயர் மாறி சாட்டாஃபர்ம் எஸ்11 என்றோ, கொள்ளளவு சில மெகாபைட் என்றோ காட்டினால் கன்ட்ரோலர் தன் சொந்த ஃபர்ம்வேரையே ஏற்ற முடியாமல் நிற்கிறது. அதில் முக்கியமான தகவல் இருந்தால் வலைத்தளங்களில் கிடைக்கும் கருவிகளை ஓட்டிப் பார்க்காமல், டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். அந்தக் கருவிகளில் பல டிரைவை உயிர்ப்பிக்கும், உள்ளே இருந்ததை அழித்துவிட்டு.

வாரன்டி இருந்தால் டிரைவைத்தான் மாற்றித் தருவார்கள், தகவலை அல்ல. அவர்கள் சோதிக்கும் அரை மணி நேரத்தில் டிரைவ் மறையாமல் ஒழுங்காக இருந்து உங்களைப் பொய்யராக்கும், அதனால் 129, 157 வரிகளின் படங்களையும், டிரைவ் இல்லாத பயாஸ் திரையின் படத்தையும் தேதி நேரத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் போகும் வரிசை இது: நகல், ஃபர்ம்வேர், லிங்க் ஸ்டேட் ஆஃப், கழற்றி மாட்டி ஸ்க்ரூவையும் தெர்மல் பேடையும் பார்ப்பது, ஜென் 3, வேறு கம்ப்யூட்டர். அடுத்தமுறை மறைந்தால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் சிஸ்டம் பதிவில் என்னென்ன எண்கள் வந்தன, அன்சேஃப் ஷட்டவுன் எத்தனையிலிருந்து எத்தனையானது என்று எழுதுங்கள், பார்க்கலாம். டிரைவ் மாடலையும் மதர்போர்டு மாடலையும் சேர்த்து.